அவசரச் சட்டம்: சட்டமன்றம் கூடாத நாளில் சட்டம் போடுவது யார்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவசரச் சட்டம் என்பது உண்மையான சட்டம்தானா, அல்லது ஒரு தற்காலிக உத்தரவா?

உண்மையான சட்டம்தான். ஆனால் ஆயுள் குறைந்த சட்டம்.

2017 ஜனவரியில் மெரினாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருந்தது. ஜனவரி 21-ஆம் தேதி ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் வந்துவிட்டது. "போராட்டம் வெற்றி, வீட்டுக்குப் போகலாம்" என்று அரசு சொன்னது. கூட்டம் கலையவில்லை. "அவசரச் சட்டம் வேண்டாம், நிரந்தரச் சட்டம் வேண்டும்" என்றார்கள். இரண்டு நாள் கழித்து, 23-ஆம் தேதி, சட்டமன்றம் கூடி மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அவசரச் சட்டம் போட வழி செய்யும், அரசியல் சட்டத்தின் 213-ஆவது பிரிவு தமிழ்நாட்டில் தெருமுனை விவாதமானது அந்த வாரத்தில்தான்.

நடைமுறையில் இருக்கும் வரை அவசரச் சட்டத்துக்கு, சட்டமன்றம் இயற்றும் சட்டத்துக்கு உள்ள அதே வலிமை உண்டு. அதை வைத்து வழக்குப் போடலாம், கைது செய்யலாம், வரி வாங்கலாம். அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தால் மற்ற சட்டங்களைப் போலவே செல்லாமல் போகும். 13-ஆவது பிரிவு "சட்டம்" என்ற சொல்லுக்குள் அவசரச் சட்டத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

அரசாணை, அவசரநிலை, அவசரச் சட்டம் மூன்றும் ஒன்றா?

இல்லை. அரசாணை, அதாவது ஜி.ஓ., ஏற்கெனவே உள்ள சட்டத்துக்குள்ளோ நிர்வாக அதிகாரத்துக்குள்ளோ அரசு போடும் உத்தரவு. அதனால் ஒரு சட்டத்தைத் திருத்த முடியாது. அவசரநிலை என்பது 352-ஆவது பிரிவின்படி நாடு முழுவதற்குமோ ஒரு பகுதிக்கோ அறிவிக்கப்படுவது. 1975-ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அவசரச் சட்டத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. தமிழில் இரண்டிலும் "அவசர" என்று வருவதால் வரும் குழப்பம் இது.

யார் பிறப்பிப்பது?

மத்திய அரசின் எல்லைக்குள் குடியரசுத் தலைவர் (123-ஆவது பிரிவு). மாநிலத்தில் ஆளுநர் (213). புதுச்சேரியில் துணைநிலை ஆளுநர், அதுவும் குடியரசுத் தலைவரின் அறிவுறுத்தலை முன்கூட்டியே பெற்ற பிறகு (239-பி).

இவை காகிதத்தில் உள்ள பெயர்கள். முடிவு எடுப்பது அமைச்சரவை. 1974-ல் சம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, குடியரசுத் தலைவரும் ஆளுநரும் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டியவர்கள். ஆகவே "குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பித்தார்" என்று செய்தியில் படித்தால், "பிரதமரின் அமைச்சரவை ஒரு சட்டம் போட்டது" என்று மனதுக்குள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். பாதி விஷயம் விளங்கிவிடும்.

அப்படியானால் சட்டம் இயற்றுவது சட்டமன்றம், நிறைவேற்றுவது அரசு என்ற அதிகாரப் பிரிவினை என்ன ஆயிற்று?

இந்தியாவில் அந்தப் பிரிவினை ஆரம்பத்திலிருந்தே முழுமையானதல்ல. அரசியல் நிர்ணய சபையில் கே.டி.ஷா, சட்டமியற்றும் துறையையும் நிர்வாகத்தையும் நீதித்துறையையும் முழுமையாகப் பிரிக்க ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்லும் 50-ஆவது பிரிவு மட்டும் நின்றது. நாடாளுமன்ற முறையில் அமைச்சர்கள் சபையின் உறுப்பினர்கள். சபையில் பெரும்பான்மை உள்ளவரே ஆட்சியில் இருப்பவர். 1955-ல் ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையேதான் சொன்னது: பிரிவினை கறாராக இல்லை, ஆனால் ஒரு துறை மற்றொன்றின் முக்கிய வேலையைக் கையில் எடுத்துக்கொள்வதை அரசியல் சட்டம் எதிர்பார்க்கவில்லை.

அவசரச் சட்டம் அந்த இரண்டாவது பாதியில்தான் இடிக்கிறது. விவாதம் இல்லை, எதிர்க்கட்சியின் குரல் இல்லை, திருத்தம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. ஒரு கையெழுத்தும் அரசிதழில் ஓர் அறிவிக்கையும் போதும். சட்டமன்றத்தின் வேலையை அரசு கடன் வாங்கிச் செய்கிறது. இந்தக் கட்டுரையின் மீதியெல்லாம் அந்தக் கடனை எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றியதுதான்.

இப்படியொரு அதிகாரத்தை ஏன் வைத்தார்கள்?

வெள்ளைக்காரன் விட்டுச் சென்றது. 1861-ஆம் ஆண்டு இந்திய கவுன்சில்கள் சட்டம் வைஸ்ராய்க்கு ஆறு மாதம் செல்லும் அவசரச் சட்டம் போட அதிகாரம் தந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் கூட்டம் போடத் தடை, பத்திரிகைக்குத் தடை என்று இந்த ஆயுதத்தால் அடிபட்டவர்களே பின்னர் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார்கள். ஆனாலும் வைத்துக்கொண்டார்கள்.

1949 மே மாதம் நடந்த விவாதத்தில் ஹிருதயநாத் குன்ஸ்ரு போன்றவர்கள் கால வரம்பு நீளமாக இருக்கிறது என்று ஆட்சேபித்தார்கள். அம்பேத்கரின் வாதம் நேரடியானது: நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் ஒரு திடீர் நிலைமை வரலாம், இருக்கிற சட்டம் அதற்குப் போதாமல் போகலாம், அப்போது அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

அவர் மனதில் வைத்திருந்த நிலைமைக்கு நம் காலத்து உதாரணம் கேட்டால் 2020 ஏப்ரலைச் சொல்வேன். கொரோனாவால் மார்ச் 23-ஆம் தேதி நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. மருத்துவப் பணியாளர்கள் தாக்கப்பட்டார்கள். 1897-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டத்தில் அதற்கான தண்டனை போதவில்லை. ஏப்ரல் 22-ல் அவசரச் சட்டம் வந்தது. இதைக் குறை சொல்ல ஒருவரும் இல்லை.

எந்த நிபந்தனைகளுக்குள் பிறப்பிக்க முடியும்?

முதலாவது, சபை கூட்டத்தொடரில் இருக்கக் கூடாது. மத்தியில் இரண்டு அவைகளும் ஒரே சமயம் தொடரில் இருந்தால் முடியாது. ஒன்று இல்லாவிட்டாலும் முடியும், ஏனென்றால் ஒரே அவையால் மட்டும் சட்டம் இயற்ற முடியாது. இங்கே ஒரு நுணுக்கம். "தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு" என்று சபாநாயகர் அறிவித்தாலே தொடர் முடிந்துவிடாது. ஆளுநரோ குடியரசுத் தலைவரோ தொடரை முறைப்படி முடித்துவைக்க வேண்டும். தொடர் நடக்கும்போது இடையில் வரும் சனி, ஞாயிறு விடுமுறையில் அவசரச் சட்டம் போட முடியாததன் காரணம் இதுதான். அவசரச் சட்டம் போடுவதற்காகவே தொடரை முடித்துவைப்பதும் நடப்பதுண்டு.

இரண்டாவது, உடனடி நடவடிக்கை தேவைப்படும் சூழ்நிலை இருப்பதாகத் தலைவர் அல்லது ஆளுநர் மனநிறைவு கொள்ள வேண்டும். இந்த "மனநிறைவை" நீதிமன்றம் கேள்வி கேட்கவே முடியாது என்று 1975-ல் 38-ஆவது திருத்தம் எழுதி வைத்தது. 1978-ல் 44-ஆவது திருத்தம் அந்த வரியை அழித்தது.

மூன்றாவது, சட்டமன்றத்தால் செய்ய முடியாததை அவசரச் சட்டத்தாலும் செய்ய முடியாது. மாநிலத்துக்குக் கூடுதல் பூட்டு ஒன்று உண்டு: குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படும் பொருளாக இருந்தால், அவருடைய அறிவுறுத்தல் இல்லாமல் ஆளுநர் கையெழுத்திட முடியாது. ஜல்லிக்கட்டு விவகாரத்தில் அன்றைய முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் டெல்லிக்குப் போனதும், வரைவு மத்திய அரசின் அமைச்சகங்களைச் சுற்றி வந்ததும் இதனால்தான். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள பொருள். அதை மாநில அளவில் திருத்த டெல்லியின் தலையசைப்பு வேண்டும்.

எவ்வளவு நாள் செல்லும்? ஆறு மாதமா, ஆறு வாரமா?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதிகமாகத் தவறு செய்யும் இடம் இது. ஆறு வாரம் என்பது அவசரச் சட்டம் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதல்ல. சபை மறுபடியும் கூடிய நாளிலிருந்து எண்ணுவது. இரண்டு அவைகளும் வெவ்வேறு நாளில் கூடினால் பிந்தைய தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதம் எங்கிருந்து வருகிறது? இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று வேறு இரண்டு பிரிவுகள் (85, 174) சொல்கின்றன. ஆக, தொடர் முடிந்த மறுநாளே அவசரச் சட்டம் போட்டு, ஆறு மாதம் கழித்துச் சபையைக் கூட்டினால், அதற்கு மேல் ஆறு வாரம். ஏறக்குறைய ஏழரை மாதம் வரை இழுக்கலாம்.

இதற்குள் சபை அதை நிராகரித்துத் தீர்மானம் போட்டால் அன்றோடு முடிந்தது. அரசே எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

கவனியுங்கள்: எல்லாக் கணக்கும் சபை கூடும் தேதியைச் சுற்றியே இருக்கிறது. அந்தத் தேதியை முடிவு செய்வது யார்? அதே அமைச்சரவை. கடன் வாங்கியவரே தவணைத் தேதியையும் குறிக்கிற ஏற்பாடு.

சபை கூட இரண்டு நாள்தான் இருக்கிறது என்றாலும் பிறப்பிக்கலாமா?

சட்டம் தடுக்கவில்லை. 1969 ஜூலை 19, சனிக்கிழமை, 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கி அவசரச் சட்டம் வந்தது. நாடாளுமன்றம் 21-ஆம் தேதி, திங்கட்கிழமை கூட இருந்தது. அப்போது பொறுப்புக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரி கையெழுத்திட்டார், மறுநாளே, குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காகப் பதவியை விட்டு விலகினார்.

இந்த விவகாரம் ஆர்.சி.கூப்பர் வழக்காக உச்ச நீதிமன்றம் போனது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் அவசரச் சட்டத்தின் இடத்தில் நாடாளுமன்றச் சட்டமே வந்துவிட்டது. 1970 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை இழப்பீடு உள்ளிட்ட காரணங்களுக்காக ரத்து செய்தது. அவசரச் சட்டம் போட்டது சரியா என்ற கேள்விக்குள் போகவில்லை. பெரும்பாலான அவசரச் சட்டங்கள் நீதிமன்றத்தின் பார்வையிலிருந்து தப்புவது இப்படித்தான். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அது செத்துப் போயிருக்கும், அல்லது சட்டமாக மறுபிறவி எடுத்திருக்கும்.

அண்மைக்கு வந்தால், 2021 நவம்பர் 14-ல் சி.பி.ஐ., அமலாக்கத் துறை இயக்குநர்களின் பதவிக்காலத்தை நீட்டிக்க வழி செய்யும் இரண்டு அவசரச் சட்டங்கள் வந்தன. குளிர்காலக் கூட்டத்தொடர் நவம்பர் 29-ல் தொடங்க இருந்தது. பதினைந்து நாள் பொறுக்க முடியாத அப்படி என்ன அவசரம் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. எனக்கும் விடை தெரிந்தபாடில்லை.

காலாவதியானால் மறுபடியும் அதையே போட்டுக்கொண்டே இருக்கலாமா?

பீகார் அப்படித்தான் செய்தது. அதைக் கண்டுபிடித்தவர் வழக்கறிஞர் அல்லர், பொருளாதாரப் பேராசிரியர். புனேயின் கோகலே நிறுவனத்தில் இருந்த டி.சி.வாத்வா, பீகாரின் நில உறவுகளை ஆராயப் போன இடத்தில், சட்டப் புத்தகங்களுக்குப் பதிலாக அவசரச் சட்டங்களே அடுக்கடுக்காகக் கிடப்பதைப் பார்த்தார். எண்ணத் தொடங்கினார். 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். திரும்பத் திரும்பப் பிறப்பித்து, ஒன்று முதல் பதினான்கு ஆண்டு வரை உயிரோடு வைத்திருந்தார்கள்.

எப்படி நடந்தது என்பதுதான் சுவாரசியம். சட்டமன்றத் தொடர் முடிந்ததும், காலாவதியாகப் போகும் அவசரச் சட்டங்களை மறுபடி பிறப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று துறைகளுக்கு ஒரு சுற்றறிக்கையே போகும். டீசல் பில் அனுப்பச் சொல்வதுபோல ஒரு வழக்கமான அலுவலகக் கடிதம். அரசியல் சட்டத்தைக் குப்புறத் தள்ள சதியெல்லாம் தேவைப்படவில்லை, ஒரு கோப்பு போதுமாக இருந்தது.

வாத்வா உச்ச நீதிமன்றம் போனார். 1986 டிசம்பரில், தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அரசியல் சாசன அமர்வு, இது அரசியல் சட்டத்தின் மீது செய்யப்படும் மோசடி என்றது. அப்போது நடைமுறையில் இருந்த பீகார் இடைநிலைக் கல்விக் கவுன்சில் அவசரச் சட்டத்தை ரத்து செய்தது. வாத்வாவின் உழைப்புக்காக 10,000 ரூபாய் வழக்குச் செலவாகத் தரச் சொன்னது.

ஆனால் ஒரு வாசலை அந்தத் தீர்ப்பே திறந்து வைத்தது: ஒரு தொடரில் சபைக்கு வேலைப்பளு மிக அதிகமாக இருந்து மசோதாவை எடுக்க முடியாவிட்டால், மறுபடி பிறப்பிப்பது தவறாகாது என்றது. வாசல் திறந்திருந்தால் ஆள் நுழையாமல் இருப்பாரா? 2014 டிசம்பரில் போடப்பட்ட நிலம் கையகப்படுத்தல் திருத்த அவசரச் சட்டம், 2015 ஏப்ரலிலும் மே மாதத்திலும் மறுபடி வந்தது; விவசாயிகள் எதிர்ப்பில் ஆகஸ்டில் கைவிடப்பட்டது. முத்தலாக் அவசரச் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து 2019 பிப்ரவரிக்குள் மூன்று முறை பிறப்பிக்கப்பட்டு, 2019 ஜூலையில்தான் சட்டமானது. கட்சி பேதமெல்லாம் கிடையாது. 2013-14-ல் முந்தைய அரசும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தொடர்பான அவசரச் சட்டத்தை மூன்று முறை கொண்டுவந்தது.

சபையில் தாக்கல் செய்யாமலே விட்டுவிட்டால்?

இந்தக் கேள்விக்கும் பீகாரே விடை வாங்கிக் கொடுத்தது. 1989-ல் 429 தனியார் சமஸ்கிருதப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்வதாக அவசரச் சட்டம் போட்டார்கள். வாத்வா தீர்ப்பின் மை காய்ந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக 1992 வரை ஓட்டினார்கள். ஒன்றைக்கூடச் சட்டமன்றத்தில் வைக்கவில்லை. கடைசி அவசரச் சட்டம் காலாவதியானதும், "நாங்கள் அரசு ஊழியர்கள் ஆகிவிட்டோம், சம்பளம் கொடு" என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். வழக்கு முடிய கால் நூற்றாண்டு ஆனது.

2017 ஜனவரி 2-ஆம் தேதி, கிருஷ்ண குமார் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பை டி.ஒய்.சந்திரசூட் எழுதினார். சபையில் வைப்பது கட்டாயம். வைக்காமல் தவிர்ப்பது அரசியல் சட்டத்தை மீறுவது. அவசரச் சட்டம் காலாவதியான பிறகும் அதனால் கிடைத்த உரிமைகள் தாமாகவே தொடரும் என்ற பழைய கருத்து தவறு. பொதுநலனோ அரசியல் சட்டத் தேவையோ இருந்தால் மட்டுமே விளைவுகள் நிலைக்கும். மறுபடி மறுபடி பிறப்பிப்பது மோசடியே. நீதிபதி மதன் லோகூர் மாறுபட்டார்: தாக்கல் செய்யாததால் மட்டும் அவசரச் சட்டம் செல்லாமல் போகாது என்றார்.

ஏமாந்தவர்கள் அரசை நம்பிய ஆசிரியர்கள். அமைச்சரவைக்கு ஒரு சேதமும் இல்லை. அந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது இதுதான்.

ஆளுநர் அல்லது குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தது உண்டா?

தயங்கியது உண்டு. 2002-ல் வேட்பாளர்களின் விவரங்களை வெளியிடுவது தொடர்பான அவசரச் சட்டத்தை அப்துல் கலாம் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதையே மறுபடி அனுப்பியதும் கையெழுத்திட்டார். 2013-ல் தண்டனை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் பதவியைக் காப்பாற்றும் அவசரச் சட்டம் பற்றி பிரணாப் முகர்ஜி அமைச்சர்களை அழைத்துக் கேள்வி கேட்டார். அதற்குள் ராகுல் காந்தி பத்திரிகையாளர்கள் முன்னால் அதைக் கிழித்தெறிய வேண்டும் என்று சொல்லிவிட, சொந்தக் கட்சி அரசே திரும்பப் பெற்றது.

கேரளத்தில் 2022 ஆகஸ்டில் ஆளுநர் ஆரிப் முகமது கான் 11 அவசரச் சட்டங்களை மறுபடி பிறப்பிக்கக் கையெழுத்திடாததால் அவை ஒரே நாளில் காலாவதியாயின. அரசு சட்டமன்றத்தைக் கூட்டி மசோதாக்களாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆளுநரின் அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தச் சட்டங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் சட்டமன்றமே என்பதை மறுக்க முடியாது.

அவசரச் சட்டம் மசோதாவாகி நிறைவேறினால் எல்லாம் சரியாகிவிடுமா?

தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். 2022 அக்டோபர் தொடக்கத்தில் ஆளுநர் ஆர்.என்.ரவி அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அக்டோபர் 17-ல் சட்டமன்றம் கூடியது. 19-ஆம் தேதி ஏறத்தாழ அதே உள்ளடக்கத்தோடு மசோதா நிறைவேறியது. அரசு தன் கடமையைச் சரியான நேரத்தில் செய்துவிட்டது. ஆனால் மசோதாவுக்கு ஒப்புதல் வரவில்லை. ஆறு வாரக் கெடு ஓடி, நவம்பர் இறுதியில் அவசரச் சட்டம் காலாவதியானது. 2023 மார்ச்சில் மசோதா திருப்பி அனுப்பப்பட்டது. 23-ஆம் தேதி சபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரல் 10-ல் ஒப்புதல் கிடைத்தது. இடைப்பட்ட நான்கு மாதத்துக்கு மேல் தடையே இல்லை.

அவசரமாக வந்தபோது ஒரே கையெழுத்தில் முடிந்தது, 234 பேர் கொண்ட சபையில் நிறைவேறி வந்தபோது தேங்கி நின்றது. ஆறு வாரக் கெடு சபைக்கு மட்டும்தான். ஒப்புதல் தருபவருக்கு அப்படி ஒரு கெடுவை 213-ஆவது பிரிவு வைக்கவில்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் அரசர் அறிவிக்கை மூலம் புதுக் குற்றத்தை உண்டாக்க முடியாது என்று 1610-லேயே தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் 1952-ல் கொரியப் போரின்போது அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசு வசமாக்க உத்தரவிட்டார்; சட்டமியற்றுவது காங்கிரஸின் வேலை என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தடுத்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசுகளான இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகியவற்றில் இந்த வகை அதிகாரம் மிஞ்சியிருக்கிறது.

அவசரச் சட்டத்தால் ஒருவரைச் சிறையில் வைக்க முடியுமா? அரசியல் சட்டத்தைத் திருத்த முடியுமா?

முதலாவது, முடியும். 1980-ல் தேசியப் பாதுகாப்பு அவசரச் சட்டம் அப்படித்தான் வந்தது, ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தை ஏற்றது. இரண்டாவது, முடியாது. 368-ஆவது பிரிவு நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தால்தான் திருத்தம் என்கிறது.

ஓர் அவசரச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

அரசிதழில் அது வெளியான தேதியை எடுங்கள். அதற்குப் பிறகு சட்டமன்றம் முதலில் கூடிய தேதியைக் கண்டுபிடியுங்கள். ஆளுநர் உரையோ, இரங்கல் தீர்மானமோ, எதற்காகக் கூடியிருந்தாலும் கூடியதுதான். அங்கிருந்து 42 நாள் எண்ணுங்கள். இடையில் அதே பெயரில் சட்டம் வந்திருந்தால் அதன் கடைசிப் பிரிவைப் பாருங்கள். அவசரச் சட்டத்தை நீக்குவதாக ஒரு வரி இருக்கும். சட்டமும் வரவில்லை, 42 நாளும் கடந்துவிட்டது என்றால், அதை வைத்து யாராவது நோட்டீஸ் கொடுத்தால் முதல் வேலையாக அந்தத் தேதிகளை எழுதிப் பதில் அனுப்புங்கள். ஒன்று மட்டும்: அது உயிரோடு இருந்த காலத்தில் நடந்த செயலுக்கான நோட்டீஸ் என்றால் இந்தக் கணக்கு மட்டும் போதாது, ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.